ஆர்த்தடாக்ஸ் வீடும் அமெரிக்கச் சட்டையும்

தில்லி கோல் மார்க்கெட்டில் அரசாங்க வீடு கிடைக்க ஒரு காலத்தில் சம்பளம் மட்டும் போதாது. எதை உடுத்துகிறார், தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாரா, மேஜையிலா என்பதும் கணக்கில் சேர்ந்தது.

கோல் மார்க்கெட்டின் நடுவில் நிற்கிற கட்டடத்துக்கு உண்மையில் பன்னிரண்டு பக்கங்கள். சுற்றியுள்ள சாலையில் ஆட்டோவில் போகிறவருக்கு அது வட்டமாகத்தான் தெரியும். பெயரும் அப்படித்தான் வந்தது. எட்வின் லட்யன்ஸின் புதுதில்லித் திட்டத்தின் ஒரு துண்டாக 1921-ல் எழுந்த சந்தை இது. புதுத் தலைநகருக்குக் குடிவந்த குமாஸ்தாக்கள் காய்கறியும் இறைச்சியும் முட்டையும் வாங்குவதற்காகக் கட்டியது. 2013-ல் புதுதில்லி நகராட்சி மன்றம் கடைகளைக் காலி செய்தது. சாதனைப் பெண்களுக்கான அருங்காட்சியகமாக அதை மாற்றும் வேலைக்கு 2024 மார்ச்சில் பூமி பூஜை நடந்தது.

சந்தைக் கட்டடம் தப்பித்துவிட்டது. அதைச் சுற்றியிருந்த வீடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

ஒற்றை மாடி, வெள்ளைச் சுண்ணாம்பு, தடித்த செங்கல் சுவர், முன்னால் ஒரு மேடை, நடுவில் பொதுப் புல்வெளி. அதைச் சுற்றிச் சதுரமாக வரிசை வீடுகள். ஸ்கொயர் என்று பெயர். கிளைவ் ஸ்கொயர், ஹேவ்லாக் ஸ்கொயர் என்று கம்பெனிக் காலத்துத் தளபதிகளின் பெயர்கள் அவற்றுக்கு. ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்த கிளைவின் பெயர் தாங்கிய சதுக்கத்தில் தஞ்சாவூர், பாலக்காட்டுக் குடும்பங்கள் மார்கழியில் கோலம் போட்டன. 1911 டிசம்பர் தர்பாரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 1931 பிப்ரவரியில் புதுதில்லி முறையாகத் திறக்கப்படும் வரையிலான இருபது வருடங்களில், கல்கத்தாவிலிருந்து வந்த வங்காளிக் குமாஸ்தாக்களோடு சென்னை ராஜதானியிலிருந்து சுருக்கெழுத்தும் கணக்கும் தெரிந்தவர்கள் ரயில் ஏறி வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஆண்டு 1923. தலைநகர் திறப்பு விழாவுக்கு எட்டு வருடம் முந்தியது தமிழ்ப் பள்ளிக்கூடம்.

இந்தச் சதுக்கங்களின் வீடுகளுக்கு அரசுக் கோப்புகளில் இருந்த பெயர்தான் விநோதம்: 'ஆர்த்தடாக்ஸ்' குவார்ட்டர்ஸ். இதற்கு எதிர்ப்பதமும் உண்டு, 'அன்ஆர்த்தடாக்ஸ்' குவார்ட்டர்ஸ். ஆசாரம், அனாசாரம் என்று மொழிபெயர்த்தால் மடிசஞ்சி விவகாரம் போலத் தோன்றும். ஆனால் பூஜை புனஸ்காரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்து, முஸ்லிம், சீக்கியர் யாராக இருந்தாலும் இந்திய முறையில் குடும்பம் நடத்துகிறவர் ஆர்த்தடாக்ஸ். ஐரோப்பிய முறையில் நடத்துகிறவர் அன்ஆர்த்தடாக்ஸ். வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியக் குமாஸ்தாக்களுக்கு இரண்டாவது வகை தானாகவே வந்தது. கோட்டும் டையும் மேஜை நாற்காலியுமாக வாழ்ந்த சில இந்தியர்களும் அதில் சேர முடிந்தது. நிறத்தைப் பார்த்துப் பிரிக்கிறோம் என்று எழுதக் கூச்சப்பட்ட ஏகாதிபத்தியம், வாழ்க்கை முறையைப் பார்த்துப் பிரிக்கிறோம் என்று எழுதிக்கொண்டது.

வரைபடத்திலேயே வித்தியாசம் தெரியும். அன்ஆர்த்தடாக்ஸ் வீட்டில் வருகிறவர் உட்கார ஒரு அறை, சாப்பிட ஒரு அறை, குளிர்காலத்துக்குக் கணப்பு. வீடு வெளியே பார்த்துத் திறக்கும். ஆர்த்தடாக்ஸ் வீடு உள்ளே பார்த்துத் திறக்கும். தெருப்பக்கம் ஒரு வாசலும் சிறிய ஜன்னலும். மற்றதெல்லாம் முற்றத்தை நோக்கி. சமையலறை முற்றத்தின் ஒரு பக்கம், கழிப்பறை அதன் கடைக்கோடி மூலையில். துப்புரவுத் தொழிலாளி வீட்டுக்குள் நுழையாமலே வந்து போவதற்குப் பின்பக்கம் ஒரு சந்து. ஜாதியையும் செங்கல்லில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அதிகாரிகளின் பங்களா, வெள்ளைக் குமாஸ்தா, இந்தியக் குமாஸ்தா, பியூன் என்று பதவி குறையக் குறைய மனையும் சுருங்கும். வைஸ்ராய் மாளிகையிலிருந்து தூரமும் கூடும். தலைமைக் கட்டடக் கலைஞர் ராபர்ட் டோர் ரஸ்ஸல் கன்னாட் பிளேஸ் தூண்களுக்காக நினைக்கப்படுகிறார். அவர் காலத்தில் எழுந்த ஆயிரக்கணக்கான அரசு வீடுகளில்தான் தில்லியின் நடுத்தர வர்க்கம் பிறந்தது.

அவமானம் கலந்த ஏற்பாடுதான். ஆனாலும் குடியிருந்தவர்களுக்கு முற்றம் பிடித்துப் போயிற்று. வடாம் காய்ந்தது, துளசி மாடம் வந்தது, கோடை இரவில் கயிற்றுக் கட்டில்கள் முற்றத்திலும் மொட்டை மாடியிலும் ஏறின. இந்தியர் எப்படி வாழ்வார்கள் என்று ஆங்கிலேயர் ஊகித்துக் கட்டிய வீடு, தாங்களே மேலானது என்று நினைத்துக் கட்டிய வீட்டைவிடத் தில்லி வெயிலுக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

உடையில் இந்தப் பிரிவு இவ்வளவு சுத்தமாக இல்லை. ஆர்த்தடாக்ஸ் குமாஸ்தா காலையில் தலைப்பாகையும் மூடிய கழுத்துக் கோட்டும் அணிந்து பாதி ஐரோப்பியராக செக்ரடேரியட்டுக்குப் போவார். சிலருக்குக் கீழே பஞ்சகச்சம், சிலருக்கு பாண்ட். மாலையில் நாலு முழ வேட்டி. அரசாங்கம் கோடையில் சிம்லாவுக்குக் குடிபெயர்ந்த வருடங்களில், கும்பகோணத்துக்காரர்களின் டிரங்குப் பெட்டியில் கம்பளிக் கோட்டு நுழைந்தது. பெண்கள் பக்கம் மாறுதல் மெதுவாக வந்தது. ஒன்பது கஜம் ஆறு கஜமாயிற்று. 1947-க்குப் பிறகு பஞ்சாபி அகதிக் குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் வந்ததும் மாமிகள் வெயிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டார்கள். பட்டுப் புடவை, மேலே ஸ்வெட்டர், காலில் ஸாக்ஸ், அதற்குள் கட்டைவிரலைத் திணித்து மாட்டிய செருப்பு: ஜனவரி மாதத்துத் தில்லிக் கச்சேரிகளில் இதைப் பார்க்காதவர் யார்?

இது வரை 'மேல்நாடு' என்றால் இங்கிலாந்து. அமெரிக்கா தனியாகக் கண்ணில் பட ஆரம்பித்தது 1950-களில். சாணக்யபுரியில் எட்வர்ட் டுரெல் ஸ்டோன் கட்டிய அமெரிக்கத் தூதரகம் 1959-ல் திறந்தது. உயர்ந்த மேடை, சுற்றிலும் மெல்லிய தூண்கள், சல்லடைபோல் துளையிட்ட சுவர், உள்ளே நீர்த்தோட்டம். கோயிலையும் முற்றத்தையும் நினைவூட்டுகிற இந்தக் கட்டடத்தின் ஜாடையை ஸ்டோன் பிற்பாடு வாஷிங்டனின் கென்னடி சென்டரிலும் பயன்படுத்தினார். கலிபோர்னியாவிலிருந்து வந்த ஜோசப் ஆலன் ஸ்டைன் 1955-ல் தில்லியில் தங்கிவிட்டார். அவர் கட்டிய இந்தியா இன்டர்நேஷனல் சென்டர் 1962-ல் திறந்தது. கல்லும் ஜாலியும் மரமும் தண்ணீருமாக அவர் கட்டடங்கள் சூழ்ந்த லோதி எஸ்டேட் பகுதியை விஷயம் தெரிந்தவர்கள் 'ஸ்டைனாபாத்' என்பார்கள். அதே 1962-ல் வந்த தில்லி மாஸ்டர் பிளானுக்கு ஆலோசனை சொன்னது ஆல்பர்ட் மேயர் தலைமையில் ஃபோர்டு பவுண்டேஷன் அனுப்பிய குழு. சண்டிகரில் ஐரோப்பியரான கொர்புசியே கான்கிரீட்டை ஆணையிட்டுக் கொண்டிருந்தபோது, தில்லியில் அமெரிக்கர்கள் முற்றத்தை மறுபடி கண்டுபிடித்துக் கொண்டிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில் நம் பொதுப்பணித் துறை முற்றம் இல்லாத அடுக்கு வீடுகளைக் கட்டத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்குள் மிகப் பெரிய புரட்சியைச் செய்தது கட்டடக் கலைஞர் யாரும் அல்ல, காஸ் சிலிண்டர். அதுவரை கோல் மார்க்கெட் அடுக்களையில் குமுட்டியும் அங்கீட்டியும் தரையில் இருந்தன; சமைத்தவரும் தரையில் இருந்தார். 1960-களில் இண்டேன் வந்தது. அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. மேடை கட்டியாக வேண்டும். மேடை வந்ததும் மாமி எழுந்து நின்றார். நின்று சமைக்கும் இந்த மேடைச் சமையலறைக்கும் ஒரு பூர்வகதை உண்டு. அமெரிக்காவில் கிறிஸ்டின் ஃபிரடெரிக் என்ற பெண்மணி, தொழிற்சாலையில் வேலை நேரத்தை அளப்பது போல அடுக்களையில் பெண் நடக்கும் அடிகளை எண்ணி எழுதினார். அதைப் படித்த ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரேட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி, 1926-ல் ஃபிராங்பர்ட் நகரின் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக, நாலு எட்டில் எல்லாம் கைக்கெட்டும் சிறிய சமையலறையை வடிவமைத்தார். ஆக அமெரிக்க யோசனை, ஐரோப்பிய வடிவம். நாம் 'மாடுலர் கிச்சன்' என்று பணம் கொட்டி வாங்குவது அதன் பேரப்பிள்ளையைத்தான்.

அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒன்றல்ல என்பதைக் கோல் மார்க்கெட் குடும்பங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அமெரிக்கா 1965-ல் குடியேற்றச் சட்டத்தைத் தளர்த்தியது. கான்பூர் ஐ.ஐ.டி. அமெரிக்க உதவியில் வந்தது, சென்னை ஐ.ஐ.டி. ஜெர்மன் உதவியில் வந்தது; இரண்டிலும் படித்தவர்கள் அதிகம் போனது என்னவோ அமெரிக்காவுக்குத்தான். ஆதவனின் 'காகித மலர்கள்' நாவலில் வருகிற தில்லிக் குடும்பம் போல, செக்ரடேரியட் அப்பாவுக்கு அமெரிக்காவில் படிக்கும் பையன் என்பது பழகிய காட்சியாயிற்று. கொஞ்சம் பேர் ஸ்டுட்கார்ட், ஜெனீவா என்று போனார்கள். பிறகு பேரக் குழந்தை பிறந்தது. ஆறு மாத விசாவில் பாட்டி தாத்தா புறப்பட்டார்கள்.

நியூ ஜெர்சியில் இறங்கியவர்களுக்கு முதல் ஆச்சரியம், வீடு மரத்தால் ஆனது. செங்கல் போலத் தெரிவது பல இடங்களில் மேல்பூச்சு. சிகாகோ பக்கம் 1830-களில் பரவிய மரச் சட்டக முறையில், மெல்லிய கட்டைகளை ஆணியடித்து ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்று அமெரிக்கா நிறைந்துவிட்டது. போருக்குப் பிறகு நியூயார்க் அருகே லெவிட்டவுனில் 17,000-க்கும் அதிகமான வீடுகளைத் தொழிற்சாலைச் சரக்கு போல வரிசையாகக் கட்டி விற்றார்கள். முன்னால் வேலியில்லாத புல்வெளி. யாரும் பார்க்கலாம், யாரும் உட்காருவதில்லை. துணி அலமாரி சுவருக்குள்ளேயே இருக்கிறது. துவைத்த துணியை மிஷினே காயவைக்கிறது. கொல்லையில் கொடி கட்டலாம் என்று தாத்தா போனால், பல குடியிருப்புச் சங்கங்களில் அதற்குத் தடை. தெருவின் அழகு கெடுமாம். கடுகு தாளித்தால் புகை எச்சரிக்கை மணி அலறுகிறது.

ஜெர்மனிக்குப் போன சம்பந்தி சொல்லும் கதை வேறு. அங்கே வீடு கனமான சுவரோடு, பெரும்பாலும் அடுக்கு மாடியில், வாடகையில். பல இடங்களில் வாடகை வீட்டில் சமையலறை என்று இருப்பது தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் மட்டும். மேடை, அலமாரி, அடுப்பு எல்லாம் குடிவருபவர் கொண்டுவர வேண்டும், போகும்போது கழற்றிக்கொண்டு போக வேண்டும். துணியை மடக்கு ஸ்டாண்டில் காயவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடித்தால் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். செருப்பை வாசலில் கழற்றுவது ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவியாவிலும் சாதாரணம். இது ஒன்றில் ஐரோப்பா நம் பக்கம். அமெரிக்காவில் பல வீடுகளில் ஷூவோடு கம்பளம் வரை வருவார்கள். தரைத்தளத்துக்கு மேல் உள்ளதை ஐரோப்பியர் முதல் மாடி என்பார்கள், நம்மைப் போல. அமெரிக்கருக்கு முதல் மாடி என்றால் தரைதான். லிஃப்டில் தவறான பொத்தானை அழுத்தி யாரோ வீட்டுக் கதவைத் தட்டிய தாத்தாக்கள் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்னை கிரைண்டர். கோயமுத்தூர் கிரைண்டர் 230 வோல்ட்டில் ஓடுவது. ஐரோப்பாவில் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும், மாவு அரைக்கலாம். அமெரிக்க வீட்டின் சுவரில் வருவது 120 வோல்ட். இதனாலேயே சென்னையிலும் கோவையிலும் '110 வோல்ட் மாடல்' என்று தனியாக கிரைண்டரும் மிக்ஸியும் விற்கிறார்கள். அமெரிக்க மாப்பிள்ளையா, ஐரோப்பிய மாப்பிள்ளையா என்பது கல்யாண சீர் வாங்கும் கடையிலேயே தெரிந்துவிடும்.

சட்டைக்கு வருவோம். தில்லிக்காரரின் உடம்பில் இரண்டு கண்டங்களும் ஒரே நேரத்தில் தொங்குகின்றன. அவர் சட்டை அளவு 40 அல்லது 42. அது கழுத்துச் சுற்றளவு, சென்டிமீட்டரில், ஐரோப்பிய முறை. பாண்ட் 34, அது இடுப்பு, அங்குலத்தில், ஆங்கிலேய அமெரிக்க முறை. செருப்பு 8, அது பிரிட்டிஷ் எண். அதையே அமெரிக்கக் கடையில் 9 என்பார்கள், ஐரோப்பாவில் 42 என்பார்கள். பிரிட்டிஷ் செருப்பு எண் ஒவ்வொன்றும் ஒரு பார்லி மணி நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு. ஐரோப்பிய எண் சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. கோட்டு அளவு ஐரோப்பாவில் 50 என்றால் பயப்பட வேண்டாம். மார்புச் சுற்றளவு 100 சென்டிமீட்டரில் பாதி, நம் 40 அங்குலம். கழுத்து டையில்கூடத் தகராறு. பிரிட்டிஷ் டையின் கோடுகள் அணிபவரின் இடது தோளிலிருந்து வலப்பக்கம் இறங்கும். அமெரிக்க டையில் வலது தோளிலிருந்து இடப்பக்கம்.

வித்தியாசத்தின் வேர் தையல்காரரிடம் இருக்கிறது. ஐரோப்பிய உடையின் பெருமை அளவெடுத்துத் தைப்பது. அமெரிக்க உடையின் பெருமை அளவெடுக்காமல் விற்பது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கான சிப்பாய்களுக்குச் சீருடை தைக்க வேண்டியிருந்தபோது ஆண் உடம்பின் அளவுகளைத் தொகுத்து ஒரு வரிசையாக்கினார்கள். போருக்குப் பின் அதே வரிசையில் ரெடிமேட் கடைகள் பெருகின. 1873-ல் செப்புக் குமிழ் அடித்த வேலைக்கார பாண்ட்டுக்கு உரிமம் வாங்கிய லெவி ஸ்ட்ராஸ் பவேரியாவில் பிறந்தவர், கூட்டாளி ஜேக்கப் டேவிஸ் ரீகாவில் பிறந்த தையல்காரர். அமெரிக்காவின் தேசிய உடைக்கு இரண்டு ஐரோப்பிய அப்பாக்கள்.

கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பாபா கரக் சிங் மார்கில் மோகன்சிங் பிளேஸ் இருக்கிறது. மொட்டை மாடியில் இந்தியன் காபி ஹவுஸ். கீழே வரிசையாக ஜீன்ஸ் தையல்காரர்கள். அளவு நாடாவைப் போட்டு இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால் என்று எழுதிக்கொண்டு, அமெரிக்க ஜீன்ஸைச் சொன்னபடி தைத்துத் தந்தார்கள். ஐரோப்பியப் பழக்கத்தில் அமெரிக்கத் துணி. லீவைஸ் கம்பெனி 1990-களின் நடுவில் இந்தியாவில் கடை திறப்பதற்கு வெகு முன்பே தில்லிக் கல்லூரி மாணவர்கள் ஜீன்ஸ் அணிந்து திரிந்தது இவர்களால்தான்.

இன்னொரு பள்ளிக்கூடம் சரோஜினி நகர் சந்தை. 1974 முதல் 2004 வரை அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஆடை இறக்குமதிக்குத் தனித்தனிக் கோட்டா வைத்திருந்தன. கோட்டாவில் அடங்காததும், தையல் பிசகியதும், ஆர்டர் ரத்தானதும் நடைபாதைக்கு வந்தன. லேபிளைப் பாதி வெட்டியிருப்பார்கள். ஆனாலும் தேர்ந்த கண்களுக்குத் தெரியும்: ஏழெட்டு மொழியில் எழுதி, துவைக்கும் விதத்தைச் சின்னச் சின்னப் படமாகப் போட்டிருந்தால் ஐரோப்பிய ஆர்டர், 'எம்' என்று போட்டுவிட்டு இரண்டு பேர் நுழைகிற மாதிரி இருந்தால் அமெரிக்க ஆர்டர். அமெரிக்காவில் பெண்கள் உடையின் எண்கள் வருடா வருடம் சிறுத்துக்கொண்டே போயின. உடம்பு சிறுக்கவில்லை. வாங்குகிறவர் மனம் குளிர எண்ணைக் குறைத்தார்கள்.

அமெரிக்கர்களிடம் 'மெட்ராஸ்' என்று சொன்னால் பலருக்கு நினைவு வருவது ஊர் அல்ல, கட்டம் போட்ட கோடைச் சட்டை. கைத்தறியில் நெய்து காய்கறிச் சாயம் ஏற்றிய அந்தத் துணி 1958-ல் ஒரு பெரிய சரக்காக நியூயார்க் போனது. பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கேப்டன் கிருஷ்ணன் நாயர் அனுப்பியது. குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாடிக்கையாளரைப் போய்ச் சேரவில்லை, சாயம் ஓடியது, வழக்குப் போடும் அளவுக்குக் கோபம் வந்தது. விளம்பரக்காரர்கள் யோசித்தார்கள். 'சாயம் போவதற்கு உத்தரவாதம்' என்று குறையையே குணமாக்கிப் பத்திரிகைகளில் எழுதவைத்தார்கள் என்பது நாயர் சொல்லிவந்த கதை. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கோடைச் சீருடையாயிற்று அது. அந்த நாட்களில் தில்லியில் 'மதராஸி' என்று அழைக்கப்பட்டவர்கள் வெள்ளை டெரிலினுக்கு ஏங்கிக்கொண்டிருந்தார்கள்.

இன்று வித்தியாசங்கள் ஒரே மாலில் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. சாகேத்தில் ஸ்பெயினின் ஜாரா 2010-லும் அமெரிக்காவின் கேப், ஸ்வீடனின் எச் அண்டு எம் இரண்டும் 2015-லும் கடை திறந்தன. ஐரோப்பியக் கடைகளில் துணி உடம்பைப் பிடிக்கும், பதினைந்து நாளில் மாதிரி மாறும். அமெரிக்கக் கடையில் போன வருடத்துச் சட்டையே இந்த வருடமும் கிடைக்கும், தாராளமாக.

வீடுகள் விஷயத்தில் அந்தத் தேர்வு இல்லை. கோல் மார்க்கெட்டின் பல சதுக்கங்களில் ஆர்த்தடாக்ஸ் குவார்ட்டர்ஸ் படிப்படியாக இடிக்கப்பட்டு அடுக்கு மாடிகள் வந்துவிட்டன. தெற்கே, முன்பு வினய் நகர் எனப்பட்ட சரோஜினி நகர் உட்பட ஏழு அரசுக் காலனிகளை இடித்துக் கட்ட 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை அனுமதி தந்தது. ஆயிரக்கணக்கில் மரம் விழும் என்று தெரிந்ததும் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். 2018-ல் தில்லி உயர்நீதிமன்றம் மரம் வெட்டத் தடை போட்டது. மரத்துக்கு வாதாட ஆள் இருந்தது. முற்றத்துக்காக யாரும் நீதிமன்றம் போகவில்லை. பழைய வீடுகள் ஒழுகின, குழாய் துருப்பிடித்தது, ஒரே நிலத்தில் நாலு மடங்கு பேரைக் குடியேற்றலாம் என்ற கணக்கும் நியாயமானதே. ஆனால் புது வீட்டில் வடாமுக்கு வெயில் வேண்டுமானால் லிஃப்ட் ஏறிப் பூட்டிய மொட்டை மாடிக்குச் சாவி கேட்க வேண்டும்.

அரசு வீட்டுக்கான விண்ணப்பத்தை இப்போது 'இ-சம்பதா' இணையதளத்தில் நிரப்புகிறார்கள். சம்பள நிலையைப் பொறுத்து முதல் வகையிலிருந்து எட்டாம் வகை வரை. எப்படி உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று படிவத்தில் கேள்வி இல்லை. வரைபடத்தில் டைனிங் டேபிள் ஏற்கனவே போட்டிருக்கிறது.